பின்மூடி

என் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த கணினி 2011இல் தவணையில் வாங்கியது. திரையும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும் ஆல் இன் ஒன் வகை. போன வருடம் ஒருநாள் பொத்தானை அழுத்தியபோது விசிறி ஓடியது, விண்டோஸ் தொடங்கும் இசையும் கேட்டது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"உழைச்ச வரைக்கும் போதும்மா, எடைக்குப் போட்டுடு" என்றார் அண்ணன். சேவை மையத்தில் இந்த மாடலுக்கு உதிரிப்பாகமே வருவதில்லை என்றார்கள். பக்கத்துத் தெருக் கடையில், "விட்டுட்டுப் போங்க மேடம், ரெண்டு நாள்ல பாத்துச் சொல்றோம்." நான் விட்டுவிட்டு வரவில்லை. பிள்ளையைத் தூக்குவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதற்குள் 'பழைய பாடத்திட்டம்' என்று பெயரிட்ட ஒரு கோப்புறை இருக்கிறது. மணமுறிவுக்கு முந்தைய ஏழு ஆண்டுகளின் நாட்குறிப்பு. எல்லோரும் யூனிகோடுக்கு மாறிய பிறகும் அதை மட்டும் பாமினி எழுத்துருவில்தான் எழுதினேன். பாமினி இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். அதைப் பூட்டு என்று நம்பியிருந்தேன். எழுத்துருவும் அதே கணினியில்தான் இருந்தது. பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட கதை.

பழுதுபார்க்கக் கொடுத்த போனிலிருந்து படங்கள் வெளியே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். உடைந்த போனைக் கடைக்குக் கொடுக்காமல் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கும் பெண்கள் என் நட்பு வட்டத்திலேயே இருக்கிறார்கள். செலவுக்கு அஞ்சி அல்ல.

இரண்டு மாதம் கழித்து, உடன் பணிபுரியும் தோழி சொல்லி, ரிச்சி தெருவில் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு கடைக்குப் போனேன். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். வணக்கம் சொல்வதற்கு முன்பே, "என் கண்ணு முன்னாடிதான் திறக்கணும். நான் இங்கேயே உட்காருவேன்" என்றேன். வகுப்பில் காப்பியடித்தவனிடம் பேசும் குரல் அது. அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

கணினியை இயக்கிவிட்டு, கடை விளக்கை அணைத்தார். டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாகப் பிடித்தார். கறுப்புக்குள் மங்கலாக, தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல, என் கோப்புறைகள் வரிசையாகத் தெரிந்தன. "படம் வருதுக்கா. பின்னாடி லைட்டுதான் எரியல." எல்சிடி திரை தானாக ஒளிராது, பின்னாலிருந்து வெளிச்சம் தரவேண்டும். என் திரையில் அதைத் தருவது மெல்லிய குழல்விளக்குகள். அவற்றுக்கு உயர் மின்னழுத்தம் வேண்டும். அதை உண்டாக்கும் சிறு பலகைக்கு இன்வெர்ட்டர் என்று பெயர். போனது விளக்கா பலகையா என்பதைத் திறந்தால்தான் சொல்ல முடியும்.

எனக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. டார்ச் வெளிச்சத்தில் 'பழைய பாடத்திட்டம்' எந்த மூலையில் இருக்கிறது, அவர் கண் எங்கே போகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கணினியை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, போர்வையின் மேல் கவிழ்த்து வைத்தார். திருகுகளைக் கழற்றி, பழைய ஏடிஎம் அட்டையால் ஓரத்தை நெம்பிப் பின்மூடியை எடுத்தார். முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இத உங்க பையில வெச்சுக்கோங்கக்கா. டிஸ்ப்ளே பாக்க இது வேணாம். ஆன் பண்ணா கம்பெனி பேரு தெரிஞ்சாப் போதும். லேடீஸ் கொண்டாந்தா மொதல்ல இதத்தான் செய்வேன்."

உள்ளங்கையளவு இருந்தது அது. கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். முகம் சுட்டது.

அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எவனோ செய்த குற்றத்துக்காக எதிரில் இருப்பவரைச் சந்தேகிப்பது நியாயமா? எச்சரிக்கை வேறு, குற்றச்சாட்டு வேறு என்று சொல்லிப் பார்த்தேன். இரவில் கதவைத் தாழிடுவது தெருவில் போகிற ஒவ்வொருவரையும் திருடன் என்பதாகாது. ஆனால் தாழ்ப்பாள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நான் அவர் விரல்களையே முறைத்துக்கொண்டிருந்தேன். மாதச் சம்பளம் வாங்கும் ஒரு பேராசிரியை, படிக்கட்டுக்கு அடியில் உழைப்பவரைப் பார்த்த பார்வை அது. அதில் என் அச்சம் எவ்வளவு, என் வர்க்கம் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. குளிரூட்டப்பட்ட சேவை மையத்தில், 'கண் முன்னால் திறங்கள்' என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லையே.

அதே சமயம், அச்சப்பட்டது தவறு என்று எழுதவும் கை வரவில்லை. அச்சப்படாத பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால், 'நீ ஏன் கொடுத்தாய்' என்றுதானே முதலில் கேட்பார்கள்? நான் அறியாமையால் முறைத்தேன். ஹார்ட் டிஸ்க்கைத் தனியே எடுக்கலாம் என்று தெரிந்திருந்தால் வீட்டிலேயே எடுத்துவைத்துவிட்டு, மரியாதையாகப் பேசியிருப்பேன். கணினியை வாங்கும்போது யாரும் அதைச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. தையல் எந்திரத்தைப் பிரித்து எண்ணெய் போடும் அம்மாவுக்கு வளர்ந்த பெண் நான்.

பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதையொட்டி என் கண்ணில் பட்ட பேச்சுகளெல்லாம் உதிரிப்பாகம், விலை, மின்குப்பை பற்றியவை. எல்லாம் தேவையானவைதான். பீரோவுக்குள் கிடக்கும் போன்களைப் பற்றி யாராவது பேசினார்களா என்று தேடினேன்; காணவில்லை.

போனது பலகைதான். உடைந்த வேறொரு மானிட்டரின் இன்வெர்ட்டரைப் பொருத்தினார். திரை லேசான மஞ்சளோடு வெளிச்சமானது. ஹார்ட் டிஸ்க்கை என்னையே பொருத்தச் சொன்னார். "கூலி எவ்வளவு தம்பி?" என்றேன். அப்போதுதான் தம்பி என்று வந்தது.

இதை முதுகலை வகுப்பில் சொன்னேன். மணி அடித்த பிறகு ஒரு மாணவி மட்டும் நின்றாள். மூன்று மாதமாக அவள் போனில் திரை தெரியவில்லை. விடுதிப் பெட்டியில் கிடக்கிறது. "அதுலயும் அப்படிக் கழட்டிக்கலாமா மேம்?" முடியாது. போனில் நினைவகம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பழுதுபார்க்கும்போது நம் கோப்புகளை மறைத்துவைக்கும் வசதி சில புதிய போன்களில் உண்டு. அதை இயக்கவும் திரை தெரிய வேண்டும்.

அவரைக் கூப்பிட்டு, சனிக்கிழமை இரண்டு ஸ்டூல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன்.