வாடகை வாசலில் நடக்கும் விசாரணை

அமாவாசை நள்ளிரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலில் ஆடும்போது, சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகப் பேருந்தில் வந்தவர்கள் கற்பூரம் ஏந்தி நெருக்கியடித்து நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன சாதி, அவர் வீட்டில் என்ன சமையல் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஊர் திரும்பியபின் அவர்களில் ஒருவர் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ கேட் போட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகட்டும். வாடகை எவ்வளவு என்று சொல்லும் முன்பே விசாரணை தொடங்கிவிடுகிறது. "சைவம்தானே? சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? குடும்பமா, பேச்சிலரா?" பதில் பிடிக்காவிட்டால், "நேற்றே அட்வான்ஸ் வாங்கிவிட்டோம்" என்று அனுப்பிவிடுவார்கள். பிறப்பையும் உணவையும் கேட்டு வீட்டை மறுப்பது அறமாகாது. இதைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.

வீடு உரிமையாளருடையது. குடிவருபவர் ஒழுங்காக வாடகை தருவாரா என்ற கவலையும், வாசலில் காவலாளி வேண்டும் என்ற எண்ணமும் நியாயமானவையே. அந்த நியாயம் அதற்கு மேல் நீளாது.

பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்றார் வள்ளுவர். குறுந்தொகையில் நன்னாகையார் பாடிய மாலைப் பொழுதில், வாயிலை அடைக்கப் போகும் காவலர், இன்னும் உள்ளே வர வேண்டியவர் உண்டா என்று கேட்டுவிட்டே அடைக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு அன்னியர். அவர்களைக் கவுந்தியடிகள் ஒப்படைத்தது ஆயர்குல மாதரியிடம். வந்தவர்களின் உணவு நெறி வேறு என்று மாதரி கதவை அடைக்கவில்லை. அவர்கள் நோன்புக்கு ஏற்ற காய்கறியும் அரிசியும் புதுக்கலங்களும் கொடுத்துத் தனியே சமைத்துக்கொள்ள வழி செய்தாள். திருக்கோவலூரில் மழை இரவில் முதலாழ்வார் மூவரும் ஒதுங்கிய இடைகழி, ஒருவர் படுக்க மட்டுமே போதுமானது. இருவரானபோது உட்கார்ந்தார்கள், மூவரானபோது நின்றார்கள். இறைவன் நெருக்கியது அந்த இடத்தில்தான் என்கிறது மரபு. இவர்களைத் தமிழின் பெருமை என்று மேடைதோறும் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் குடிவருபவரின் குலத்தை விசாரிப்பது எவ்வகையில் சரி?

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். நடந்தே கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் போய்வரக்கூடிய பேட்டையில் வீட்டுக்கு மவுசு அதிகம். அந்த நடைபாதையைப் போட்டது யார்? பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகம் பொதுப்பணத்தில் வந்தது. வடபழனியில் இட்லிக் கடை வைத்திருப்பவரின் வரியும் அதில் இருக்கிறது. ஊரார் பணத்தில் மதிப்பு கூடிய வீட்டுக்கு, ஊராரில் சிலர் மட்டும் தகுதியற்றவர்கள் என்று சொல்ல எந்த உரிமையாளருக்கும் முகம் இல்லை.

மேல்மலையனூர் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலும் இருக்கிறது. பட்டியல் சாதியினர் நுழையக் கூடாது என்று எழுந்த தகராறில் 2023 ஜூனில் அதிகாரிகள் அதற்குச் சீல் வைத்தார்கள். நாடே பேசியது. நகரத்துக் கேட்டில் தினமும் நடக்கும் மறுப்புக்குச் சீலும் இல்லை, செய்தியும் இல்லை. கேட்டைத் தாண்டி வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி லிப்ட், திரும்பும்போது பைச் சோதனை என்று நடத்தும் குடியிருப்புகளும் உண்டு.

சட்டம் இங்கே கைகொடுப்பதில்லை. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுக்கிறது. வாடகை வீட்டை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர்களைத் தம் சமூகத்தாரோடு நிறுத்திக்கொள்வது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது, முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று அளவும் சொன்னது. சாதி, மதம், உணவு ஆகியவற்றைக் காட்டி மறுக்கக் கூடாது என்ற பிரிவை அதில் சேர்க்க வேண்டும். அதுவரை, வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் வாடகை, முன்பணம், ஒப்பந்தம் இம்மூன்றை மட்டும் பேசட்டும்.