18 ஜிபி இருட்டு

எடிட்டிங் சாஃப்ட்வேர் காட்டும் பிழைச் செய்திகளில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது, 'பொதுவான பிழை' என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்பது. கோடெக் இல்லை என்றால் கோடெக் போடலாம். ஃபைலைக் காணோம் என்றால் தேடலாம். பொதுவான பிழையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? உள்ளே இருக்கும் படத்தையும் காட்டாது, எது மறைக்கிறது என்பதையும் காட்டாது.

உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் திருவருட்பயனில் உயிரின் அறிவை மறைக்கும் மலமான ஆணவத்துக்குச் சொன்ன இலக்கணம் இதுதான். இருட்டு பொருளை மறைக்கும். ஆனாலும் இங்கே இருட்டாக இருக்கிறது என்பதாவது தெரியும். ஆணவம் அந்த உபகாரத்தைக்கூடச் செய்யாது. தான் மறைப்பதையும் சேர்த்து மறைத்துவிடும். நான் கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவன். ஆசிரியர் இந்த இடத்தை விளக்கியபோது எனக்கு வேறு எந்த உதாரணமும் தேவைப்படவில்லை.

திறக்காத ஃபைல் வந்தால், குறை காட்சியிலா, காண்பவனிடத்திலா என்று முதலில் பிரித்துவிட வேண்டும். விஎல்சி பிளேயரில் போட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். அது தனக்கு வேண்டிய டிகோடர்களைத் தானே சுமந்து வருகிறது. அதில் ஓடி, எடிட்டிங்கில் ஓடாவிட்டால் ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது என்று பொருள். 2013இல் வந்த ஹெச்இவிசி கோடெக்கை 2017 முதல் ஐபோன்கள் எடுத்துக்கொண்டன. மாப்பிள்ளையின் நண்பர்கள் அனுப்பும் ஃபைல்களில் பாதித் தொல்லை அங்கேதான். எடிட்டிங்குக்கு ஏற்ற புரோரெஸ் கோடெக்குக்கு மாற்றினால் முடிந்தது. சிலர் ஃபைல் பெயருக்குப் பின்னால் உள்ள எம்பி4-ஐ அழித்துவிட்டு எம்ஓவி என்று போட்டு அனுப்புவார்கள். வேஷ்டியை மாற்றிக் கட்டினால் காய்ச்சல் போகுமா?

விஎல்சியிலும் ஓடாத ஃபைல்தான் தத்துவம். கேமரா பதிவு செய்யும்போது படமும் ஒலியும் ஒரே பெரிய மூட்டையாகக் கார்டில் விழுந்துகொண்டே போகும். எந்த ஃபிரேம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த நொடிக்கு உரியது, எந்தக் கோடெக் என்ற அட்டவணையைப் பெரும்பாலான கேமராக்கள் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதி முடிக்கும். எம்பி4-இல் அதற்கு 'மூவ்' என்று பெயர். பதிவு நடக்கும்போதே யாராவது பேட்டரியை உருவிவிட்டால் அட்டவணை எழுதப்படாமலே போகும். 18 ஜிபி ஃபைல் இருக்கும். நீளம் பூஜ்யம் என்று காட்டும். படத்தின் ஒவ்வொரு துணுக்கும் உள்ளே இருந்தும் ஒரு ஃபிரேமைக்கூடப் பார்க்க முடியாது.

சித்தாந்தம் கேவல நிலை என்று சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். அங்கே உயிர் வெறுமை அல்ல. அறியும் ஆற்றல் அதற்கு உண்டு. உடல், கருவி, உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் கூடாதவரை அந்த ஆற்றலுக்கு வழியில்லை, அவ்வளவுதான். இல்லாததைப் புதிதாகப் படைத்துக் கொடுப்பதல்ல அருள். இருப்பது விளங்கும்படி தடையை விலக்குவது.

வகுப்பில் எனக்கு நெடுநாள் உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. இறைவனால் உள்ளிருந்தே உணர்த்த முடியும். விஞ்ஞானகலர் என்ற உயிர்வகைக்கு அப்படித்தான் செய்கிறான். பிரளயாகலர் என்ற வகைக்கு முன்னே தோன்றி உணர்த்துகிறான். நம்மைப் போன்ற சகலருக்கு மட்டும் ஏன் மனித வடிவில் குருவாக வர வேண்டும்? மகான்களைப் பெருமைப்படுத்தச் சொன்ன ஏற்பாடு என்றே சந்தேகப்பட்டிருந்தேன்.

அட்டவணை இழந்த ஃபைலைச் சரிசெய்ய 'அன்ட்ரங்க்' என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. கெட்டுப்போன ஃபைலை மட்டும் கொடுத்தால் அதற்குப் போதாது. நல்ல ஃபைல் ஒன்றையும் கேட்கும். அதுவும் அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்ததாக இருக்க வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த வேறு கேமராவின் ஃபைலாக இருந்தாலும் பயனில்லை. அதே கேமராவில் 50 ஃபிரேமில் எடுத்ததைக் கொடுத்து 25 ஃபிரேமில் எடுத்ததை மீட்கப் பார்த்தாலும் சரிவராமல் போகலாம். மேலானது வேண்டியதில்லை, நம் இனத்தில் முழுமையானது வேண்டும். குரு மானிடச் சட்டை சாத்தி வருவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

மீட்டெடுத்தால் கிடைப்பது அந்த நல்ல ஃபைலின் காட்சி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அதில் நலங்கு இருக்கலாம், வெறும் சுவர்கூட இருக்கலாம். கிடைப்பது கெட்டுப்போன ஃபைலின் சொந்தத் தாலிகட்டுதான். குரு தன் அனுபவத்தைச் சீடனுக்குள் ஊற்றுவதாகப் பேசுகிறவர்களை நான் இதனால்தான் நம்புவதில்லை. ஒப்புமை இதற்கு மேல் போகாது. ஃபைலுக்குத் தான் திறக்கப்பட வேண்டும் என்ற ஏக்கம் கிடையாது. நல்ல ஃபைலுக்குக் கருணையும் கிடையாது. இவை இரண்டும் இல்லாமல் சித்தாந்தமே இல்லை.

ஒரு கல்யாணத்தின் தாலிகட்டு ஃபைல் இப்படித்தான் அட்டவணை இல்லாமல் என்னிடம் வந்தது. இதெல்லாம் பெண்ணின் அப்பாவுக்கு வேண்டியதில்லை. கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, தாலி கட்டினது இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"இருக்கணும் சார்."

"இருக்கணும்னா? பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஃபைல் 18 ஜிபி இருந்தது. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தேன். உள்ளே வெறும் பூஜ்யங்களாக நிரம்பியிருந்தால் என் அனுமானம் அங்கேயே செத்திருக்கும். அப்படி இல்லை. பேட்டரி போன பிறகு நடந்தது மட்டும் எந்தக் குரு வந்தாலும் கிடைக்காது, அது பதிவே ஆகவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். போனது தாலிகட்டுக்கு முன்பா பின்பா என்று மேளக்காரரைக் கேட்டால் தெரியும் என்றார் அவர். கெட்டிக்காரர்.

காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சித்தாந்தம் ஏற்கும். காட்சி அப்போது எங்கள் இருவருக்குமே இல்லை. எனக்குக் கருதல் இருந்தது. அவருக்கு என் உரை மட்டும்தான். அதை எவ்வளவு ஏற்பது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "மீதிப் பணத்தைப் படத்தைப் பாத்துட்டுத் தரேன் தம்பி" என்று எழுந்தார். நியாயம்தான். அவர் படி இறங்கியதும் கேமராமேனுக்குப் போன் போட்டு, முதல் நாள் எடுத்த நலங்கு ஃபைல் ஒன்றை அனுப்பச் சொன்னேன், என்ன செட்டிங்கில் எடுத்தது என்பதையும் சேர்த்து.