நாழிகைக்கு முந்நூற்றறுபது மூச்சு



திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் சாத்தனூர். அங்கே மாடு மேய்க்கும் மூலன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து பார்த்து, நக்கிப் பார்த்துக் கதறுகின்றன. கயிலையிலிருந்து வந்த சிவயோகியார் ஒருவர் அதைப் பார்த்தார். மனம் பொறுக்கவில்லை. தம் உடம்பை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுந்தார். மாடுகளை வீடு சேர்த்துவிட்டு வந்து பார்த்தால், வைத்த உடம்பைக் காணோம். இறைவன் மறைத்துவிட்டான். அன்றிலிருந்து அவர் திருமூலர்.

திருமந்திரம் முழுக்க உடம்பைப் போற்றுகிறார் அவர். முன்னே உடம்பைத் தாழ்வாக நினைத்திருந்ததாகவும், உள்ளே ஆண்டவன் குடியிருப்பதை அறிந்த பிறகு அதைப் பேணத் தொடங்கியதாகவும் அவரே சொல்லுகிறார். இன்னொருவன் உடம்பில் வாழ்ந்த மகான் சொல்லுகிறார். சொந்த உடம்பிலேயே எழுபது வருஷம் குடியிருந்த நாம் என்ன செய்கிறோம்? "பாழாய்ப்போன முட்டி", "எழவெடுத்த கண்ணு" என்று காலையிலிருந்து வைகிறோம். வையாதீர்கள். இந்த நிமிஷம்கூட அந்த உடம்புக்குள் நடப்பது என்னவென்று தெரிந்தால் வைய வாய் வராது.

சிதம்பரம் போயிருக்கிறீர்கள். பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள், 72,000 ஆணிகள், மேலே ஒன்பது கலசங்கள் என்று கணக்குச் சொல்லுவார்கள். கலசம் உடம்பின் ஒன்பது வாசல். ஆணி நாடிகள். ஓடு, ஒரு நாளைக்கு நாம் விடும் மூச்சு. ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. 21,600-ஐ அறுபதால் வகுத்தால் நாழிகைக்கு 360 மூச்சு. நாழிகை என்பது 24 நிமிஷம். அப்படியானால் நிமிஷத்துக்குச் சரியாக 15 மூச்சு. இன்றைக்கு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால், சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு 12-லிருந்து 20 வரை சரி என்பார். பதினைந்து ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. ஸ்டெதாஸ்கோப் இல்லாத காலத்தில், கண்ணை மூடி உட்கார்ந்து எண்ணியவர்களின் கணக்கு அது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மெய் சிலிர்க்கும்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். மூக்குக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக மூச்சு விடுங்கள். இரண்டு துளையிலும் ஒரே அளவாகவா காற்று வருகிறது? பெரும்பாலோருக்கு ஒரு பக்கம் தாராளமாக வரும், மறுபக்கம் கொஞ்சமாக வரும். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள், மாறியிருக்கும். இடது நாசியில் ஓடுவதைச் சந்திரகலை என்றும், வலது நாசியில் ஓடுவதைச் சூரியகலை என்றும் சித்தர்கள் சொன்னார்கள். மேல்நாட்டு மருத்துவத்தில் 1895-ல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய டாக்டர் இதை எழுதிவைத்தார். மூக்குக்குள்ளே இருக்கும் மெத்தென்ற சதையில் ஒரு பக்கம் ரத்தம் நிறைந்து வீங்கும், மறுபக்கம் வடியும், பிறகு முறை மாறும். ஒரு பக்கம் உழைக்கும்போது மறுபக்கம் இளைப்பாறுகிறது. வயதாக ஆக இந்த முறை கொஞ்சம் தளரும், அதனால் உங்களில் சிலருக்குத் தெளிவாகத் தெரியாமல் போகலாம். கவலை வேண்டாம்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கீழே இருக்கும் இடது நாசி அடைத்து, வலது நாசி திறக்கும். தேரையர் என்ற சித்தர் தம் நோயணுகா விதியில் இடப்பக்கம் சாய்ந்துதான் படுக்கச் சொன்னார். இரைப்பை அந்தப் பக்கம் இருப்பதால் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் குறையும் என்று இன்றைய மருத்துவமும் சொல்லுகிறது. இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டர் சொன்னபடி படுங்கள்.

இதயம் என்றதும் கையைப் பிடிப்போம். பெருவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வையுங்கள். பெருவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்குக் கெட்டுப்போகும். நிமிஷத்துக்கு 72 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்பு. லட்சார்ச்சனை தினமும் நடக்கிறது! கோயிலில் லட்சார்ச்சனை என்றால் பல பேர் கூடி முறை வைத்துச் செய்வார்கள். இங்கே ஒரே ஒருவர், கைப்பிடி அளவு உருவத்தோடு, நீங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டார்.

அவர் ஓய்வே எடுப்பதில்லையா என்று கேட்பீர்கள். எடுக்கிறார். ஒவ்வொரு துடிப்பிலும் சுருங்குகிற நேரத்தைவிட விரிந்து இளைப்பாறுகிற நேரம்தான் அதிகம். இன்னும் ஒரு அதிசயம் கேளுங்கள். உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற இதயத்துக்கும் ரத்தம் வேண்டுமே? அதன் இடப்பக்கத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பங்கை அந்த ஓய்வு நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. மத்தியானம் சற்றே கண்ணயர்ந்தால் "சும்மா படுத்துக் கிடக்கிறேனே" என்று குற்ற உணர்வோடு பேசும் தாய்மார்களுக்காக இதைச் சொல்லுகிறேன்.

சர்க்கரை உள்ளவர்களை "மூன்று மாசச் சராசரி" பார்க்கச் சொல்லுவார்கள். அதென்ன மூன்று மாசம்? ரத்தத்தில் இருக்கும் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது பிறந்ததிலிருந்து நம் ரத்தத்துச் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஒட்டிக்கொண்டே வரும். ஒட்டியிருப்பதைப் பார்த்து, கடந்த மாதங்களில் நாம் எப்படிச் சாப்பிட்டோம் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். டெஸ்டுக்கு முந்தின நாள் விரதம் இருந்தால் பலிக்காது. கார்த்திகை தீபத்தன்று உங்கள் உடம்பில் ஓடிய சிவப்பணுக்கள் பங்குனி உத்திரத்துக்குள் அநேகமாகப் போய்விட்டிருக்கும். ஆனாலும் ரத்தம் வற்றுவதில்லை. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மார்பெலும்பு இவற்றின் மஜ்ஜையில் நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் புதிது பிறக்கிறது. எண்பது வயதுப் பாட்டியின் உடம்பிலும் ஓடுவது நான்கு மாதத்துக்கு உட்பட்ட ரத்தம்தான்.

எலும்பு யாருக்கு அதிகம், பேரனுக்கா தாத்தாவுக்கா? பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 300. வளர வளரப் பல ஒன்றோடொன்று சேர்ந்து நமக்கு 206 ஆகிவிடுகிறது. அந்த 206-ல் இரண்டு கைகளில் மட்டும் 54. இரண்டு பாதங்களில் 52. கூட்டிப் பாருங்கள், 106. பாதிக்கு மேல்! கும்பிடுகிற கைக்கும் பிராகாரம் சுற்றுகிற காலுக்கும் பாதிக்கு மேல் எலும்பை ஒதுக்கியவன் கணக்குத் தெரியாதவனா?

தண்ணீர் விஷயம் அவசியம் சொல்ல வேண்டும். வயது ஏற ஏறத் தாக உணர்வு மழுங்கிவிடும். உடம்புக்கு நீர் வேண்டியிருக்கும், நாக்கு கேட்காது. சித்திரை வெயிலில் பெரியவர்கள் மயங்கி விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுவாமி தாகமென்று கேட்ட பிறகா அபிஷேகம் செய்கிறோம்? வேளை தவறாமல் செய்கிறோம் அல்லவா, அதேபோல் வேளை வைத்துக் குடியுங்கள். சிறுநீரகத்துக்காகவோ இதயத்துக்காகவோ தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவுக்குள்.

இனி கண். இதற்காகத்தான் இன்றைக்கு இவ்வளவும் பேசிக்கொண்டு வந்தேன்.

கருவிழிமேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. நடுவில் அரை மில்லிமீட்டர் கனம். அதில் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. இருந்தால் பார்வையை மறைக்குமே! தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. ரத்தம் ஓடாததால், ஒருவர் கண்ணின் படலத்தை இன்னொருவருக்கு வைக்கப் பெரும்பாலும் ரத்தவகை பொருந்த வேண்டியதில்லை. 1905-ல் எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர் ஓலோமவுட்ஸ் என்ற ஊரில் முதன்முதலாக இதைச் செய்து வெற்றி கண்டார்.

நமக்கு அதற்கும் முன்னாலேயே ஒருவர் இருக்கிறார். காளத்தி மலையில் சுவாமியின் வலக்கண்ணில் ரத்தம் வழிந்ததும், பச்சிலை பலிக்கவில்லை என்று தெரிந்ததும், அம்பால் தன் கண்ணைத் தோண்டி அப்பினார் திண்ணனார். அடுத்த கண்ணிலும் ரத்தம். இரண்டாவதையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று, அடையாளத்துக்குச் செருப்புக் காலை சுவாமியின் கண்ணருகே ஊன்றினார். சுவாமியே கையை நீட்டித் தடுத்து, கண்ணப்பன் என்று பெயர் வைத்தார்.

நம்மிடம் யாரும் உயிரோடு இருக்கும்போது கண்ணைக் கேட்கவில்லை. கேட்பது நம் காலத்துக்குப் பிறகு. "எனக்கு எண்பது வயசு, கண்ணாடி போட்டிருக்கிறேன், புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, சர்க்கரை வேறே, என் கண் யாருக்கு ஆகும்?" என்று சொல்லாதீர்கள். ஆகும். புரைக்கு எடுப்பது உள்ளே இருக்கும் லென்ஸை. தானம் போவது முன்னால் இருக்கும் படலம். வயது தடையில்லை, கண்ணாடியும் தடையில்லை, சர்க்கரையும் தடையில்லை. சில தொற்று நோய்கள் மட்டும் தடை; அதை வருகிற டாக்டர் பார்த்துக்கொள்வார்.

ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதனால் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: மூச்சு நின்றதும் இமையை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், தலைக்குத் தலையணை வைத்துச் சற்றே உயர்த்த வேண்டும், உடனே பக்கத்துக் கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் வீட்டுக்கே வந்து அரை மணிக்குள் முடித்துவிடுவார்கள். முகம் விகாரப்படாது, சடங்கு எதுவும் தடைப்படாது. நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் வீட்டார்தான். ஆகையால் இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போதே மகனிடமும் மருமகளிடமும் பேசிவிடுங்கள்.