பதிவேடும் பாவமன்னிப்பும்

மனிதன் பேசும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ள மலக்குகள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது நம் வீடுகளில் சிறு குழந்தைக்கும் தெரிந்த பாடம். கிராமன் காத்திபீன்களைப் பற்றி உம்மாமார் சொல்லிக்கொடுத்து வளர்ந்தவர்கள் நாம். இன்றோ அந்த எழுத்து வேலையை மனிதன் தானே எடுத்துக்கொண்டிருக்கிறான். காலையில் உண்டது முதல் இரவில் பேசியது வரை கைப்பேசியில் படமாகவும் குரலாகவும் சேர்கிறது. இது கூடுமா, கூடாதா என்று ஒரே சொல்லில் பதில் கேட்பவர்களுக்கு இக்கட்டுரை திருப்தி தராது. உருவப்படம் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டையும் இங்கே தொடப்போவதில்லை. அது தனிப் பாடம். ஒருவரைப் பதிவு செய்யும்போது அவருக்கு நம்மீதுள்ள ஹக்கு என்னவாகிறது என்பதே நம் விசாரணை.

அமெரிக்காவில் கார்டன் பெல் என்றொரு கணிப்பொறி நிபுணர் இருந்தார், 2024-ல் காலமானார். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் பணியாற்றிய அவர், தம் கடிதங்கள், ரசீதுகள், படங்கள், தொலைபேசிப் பேச்சுகள் என எதையும் விடாமல் கணிப்பொறியில் ஏற்றி வந்தார். கழுத்தில் ‘சென்ஸ்கேம்’ என்னும் சிறு கேமராவையும் தொங்கவிட்டுக்கொண்டார். அணிந்தவர் விசையைத் தொட வேண்டியதில்லை. வெளிச்சம் மாறினாலும் எதிரே ஆள் வந்தாலும் அது தானே படம் பிடிக்கும். இனி மனிதன் எதையும் மறக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கையோடு, ஜிம் ஜெம்மல் என்பவருடன் சேர்ந்து 2009-ல் நூலும் வெளியிட்டார்.

இந்தக் கேமராவால் விளைந்த நன்மையை மறைப்பது நீதியாகாது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மூளை அழற்சியால் நினைவாற்றலை இழந்த ஒரு பெண்மணிக்கு இதை அணிவித்தார்கள். பதிந்த படங்களைக் கணவர் உடனிருக்க அவர் திரும்பத் திரும்பப் பார்த்து வந்தார். நாட்குறிப்பு எழுதிப் படித்தபோது கிடைக்காத பலன் கிடைத்தது. நிகழ்ச்சிகளில் பத்துக்கு எட்டு அவர் நினைவில் நின்றதாக 2007-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். தன் வாழ்வே தனக்கு அந்நியமாகிப் போன ஒருவருக்கு இது எத்தகைய நிஃமத்து!

மார்க்கமும் பதிவுக்கு எதிரானதன்று. திருமறையின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான். ஆனால் அங்கே எழுதப்படும் முறையைக் கவனியுங்கள். கடன் வாங்குபவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். எழுதியவருக்கும் சாட்சிக்கும் துன்பம் தரக்கூடாது. யார்மீது பொறுப்பு விழுகிறதோ அவருக்குத் தெரியாமல் ஓர் எழுத்தும் விழுவதில்லை.

இதை நம் வீடுகளில் நடப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருமகள் பேசியதை மாமி பதிவு செய்கிறார். மாமி பேசியதை மருமகள் பதிவு செய்கிறாள். கணவன் மனைவி சச்சரவு ஜமாஅத்துக்கு வரும்போது கைப்பேசியும் சாட்சியாகக் கூடவே வருகிறது. மூன்றாண்டுகளுக்கு முன் கோபத்தில் வெடித்த ஒரு வார்த்தை மேசைமேல் வைத்து ஒலிக்கப்படுகிறது. அந்த வார்த்தைக்குப் பின் இருவரும் சமாதானமாகி, பிள்ளையும் பெற்று, ஒரே தட்டில் உண்டும் இருப்பார்கள். அதுவெல்லாம் அந்தப் பதிவில் இல்லை! ஒருவர் பேசிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாராயின் அப்பேச்சு கேட்டவரிடம் அமானிதம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். ரகசியம் காக்கும்படி வாய்திறந்து கேட்கக்கூட வேண்டியதில்லை. அந்தப் பார்வையே போதும்.

அடிபடும் பெண், மிரட்டப்படும் பெண் என்ன செய்வாள் என்று கேட்கலாம். அவள் பதிவு செய்யட்டும். அநீதிக்கு ஆளானவர் நீதி செய்ய வல்லவரிடம் முறையிடுவது புறம் பேசுவதில் சேராது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் குறைகளை ஏடுகளில் பதிந்தவர்கள் நம் முஹத்திஸீன்கள். மார்க்கத்தைக் காக்கும் தேவைக்காக எழுதினார்கள். அவர்களிலும், ஒரு குறையைச் சொல்வது போதுமானால் இரண்டாவதைச் சொல்லக்கூடாது என்று இமாம் ஸகாவீ வரம்பு கட்டினார்கள். மிரட்டலைக் காஜியாரிடமோ காவல் நிலையத்திலோ காட்டலாம். குடும்பத்து வாட்ஸப் குழுவில் போடுவதற்கு அந்தத் தேவை இடம் தராது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். மலக்குகளின் ஏடு சின்னதையும் பெரியதையும் விடுவதில்லை. எனினும் அந்த ஏட்டில் அழிப்பும் உண்டு. தவ்பா செய்து ஈமானோடு நல்லமல் செய்வோரின் தீமைகளை நன்மைகளாகவே மாற்றுவதாக அல்லாஹ் தஆலா வாக்களிக்கிறான் (25:70). தீமையை எண்ணிப் பின் அல்லாஹ்வுக்காகக் கைவிட்டவனுக்கு அதுவே நன்மையாக எழுதப்படுகிறது. மனிதன் செய்த ஏட்டுக்கு நிய்யத்தும் தெரியாது, தவ்பாவும் தெரியாது. ஒரு கைப்பேசியில் அழித்தால் இன்னொன்றில் கிடக்கும். அல்லாஹ் இரவில் மறைத்துவைத்த பாவத்தைக் காலையில் தானே வெளிப்படுத்துபவனைப் பற்றி நபிமொழி கடுமையாக எச்சரிக்கிறது. அப்படியிருக்க, பிறர் பாவத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவன் தன் நிலையை யோசிக்க வேண்டாமா?

மறக்கப்படுவதும் ஒரு தேவை என்பதை நம் மார்க்கம் அறியாத நாட்டாரும் உணர்ந்திருக்கிறார்கள். ஸ்பெயினில் ஒருவருடைய கடனுக்காகச் சொத்து ஏலம் போன அறிவிப்பு 1998-ல் ஒரு பத்திரிகையில் வந்தது. ஆண்டுகள் பல சென்று, கடன் விவகாரம் தீர்ந்த பின்னும், கூகுளில் அவர் பெயரைத் தேடினால் அதுவே முன்னே வந்து நின்றது. அந்தத் தொடர்பை நீக்கக் கோர அவருக்கு உரிமை உண்டென்று 2014-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பழைய ஏல அறிவிப்பை மறக்கடிக்க இத்தனை பாடு!

தவாஃபில் கஃபாவுக்கு முதுகைக் காட்டிப் படமெடுப்போரைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்தவர்களைவிட வெறுமனே பார்த்தவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று அமெரிக்காவின் லிண்டா ஹென்கல் என்னும் பேராசிரியை சோதனையில் கண்டார். அவர்களுக்கு இது போதும்.

மவுத்தானவரின் கைப்பேசியைப் பற்றி ஒன்று கேட்கிறார்கள். கருவி வாரிசுச் சொத்துதான், பங்கு வைக்கலாம். அதிலுள்ள பேச்சோ, அவரை நம்பிப் பேசிய பலருடைய அமானிதம். மய்யித்தைக் குளிப்பாட்டுபவர் உடலில் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது என்பது நம் மார்க்கத்தின் ஒழுக்கம். அந்தக் கைப்பேசியைத் திறப்பவருக்கும் அதே ஒழுக்கம்தான் என்பது என் கருத்து. உம்மா ஓதிய யாஸீனை, பேரப்பிள்ளையை அழைத்த குரலைப் பேணி வைத்துக்கொள்ளுங்கள். அவர் தம் சகோதரியிடம் அழுது பேசியதைத் திறந்து கேட்காமலேயே அழித்துவிடுங்கள்.