இடையூறாக வந்த நாவல்கள்

ஜார்ஜெட் ஹேயர் 1974 ஜூலையில் காலமானபோது அவருடைய நாவல்களில் 48 அச்சில் இருந்தன. பதினேழு வயதில், உடம்பு தேறிக்கொண்டிருந்த தம்பிக்குப் பொழுது போகவேண்டும் என்பதற்காகச் சொல்லத் தொடங்கிய முதல் கதையும் அவற்றில் ஒன்று. முடியாமல் நின்றது, தன் பிற்காலத்தின் பெரும்படைப்பு என்று அவரே கருதிய நாவல்தான். லங்காஸ்டர் அரச குடும்பத்தின் கதை, 1393 முதல் 1435 வரை, மூன்று பாகங்கள். 1950இல் வேலையைத் தொடங்கியபோது ஐந்து ஆண்டு போதும் என்று கணக்குப் போட்டிருந்தார். இருபத்து நான்கு ஆண்டு கழித்து அவர் கண்மூடியபோது முதல் பாகமே முற்றுப்பெறவில்லை.

காரணம் எளியது. வாசகர்கள் அடுத்த காதல் கதை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வருமான வரிக்காரர்கள் பணம் எங்கே என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இடைக்கால இங்கிலாந்தை மூடி வைத்துவிட்டு, பாக்கியை அடைக்க இன்னொரு காதல் நாவல் எழுதினார். பிறகு பெரிய நாவலுக்குத் திரும்பினார். மறுபடியும் வரி வந்தது.

இதைப் பரிதாபமாகச் சொல்வதுதான் வழக்கம். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. வாரப் பத்திரிகைத் தொடர்களும் மாத நாவல்களும் எழுதிப் பிழைக்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும், கேட்டால், ஒரு பெரிய நாவல் இருக்கும். என்னிடமும் இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய காலத்தில் நடப்பது. அதற்கான குறிப்பு நோட்டுகள் ரெக்சின் பை ஒன்றில் பத்திரமாக இருக்கின்றன. பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, அப்பாவின் கண் அறுவை சிகிச்சை என்று ஏதாவது குறுக்கே வர, ஒவ்வொரு தடவையும் கதாநாயகி ஒருத்தியை மழையில் நனையவிட்டு அத்தியாயத்தை முடித்துக் கொடுத்துவிடுகிறேன். ஹேயரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கூடவே வருகிறது. சோறு போடும் வேலை ஒன்று, நம் வேலை என்று ஒதுக்கி வைத்திருப்பது இன்னொன்று. இவற்றில் நாம் வாழ்ந்த வாழ்க்கை எது?

ஹேயர் 1902இல் விம்பிள்டனில் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் ஹேயர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிரெஞ்சுக் கவி வியோனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தம்பி போரிஸுக்கு ரத்தம் உறையாத நோய். அவன் உடம்பு தேறுவதற்காகக் குடும்பம் ஹேஸ்டிங்ஸ் கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது அக்கா அவனுக்குத் தொடர்கதை கட்டினாள்: பதினெட்டாம் நூற்றாண்டு, சீட்டாட்டத்தில் செய்யாத குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு வழிப்பறிக்காரனாகிவிட்ட ஒரு பிரபு. கேட்டுக்கொண்டிருந்த அப்பா, இதைச் செப்பனிட்டு எழுது, பதிப்பிக்கலாம் என்றார். 1921இல் ‘தி பிளாக் மாத்’ அச்சாகி வந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. பதிப்பாளர் வீட்டுப் படியேறி இறங்கிய கதை, திரும்பி வந்த கையெழுத்துப் பிரதிகள், கிழித்துப்போட்ட முதல் நாவல் என்று நாம் எழுத்தாளர் வரலாறுகளில் எதிர்பார்ப்பது எதுவும் இங்கே இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போன பிறகுதான் சிரமம்.

1925இல், அவருக்கும் சுரங்கப் பொறியாளர் ரொனால்ட் ரூஜியருக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்த சமயத்தில், அப்பா மாரடைப்பில் போய்விட்டார். வருங்கால மருமகனோடு டென்னிஸ் ஆடிவிட்டு வந்தவர். குடும்பத்துக்குப் பென்ஷன் இல்லை. தம்பிகள் இருவர், ஒருவனுக்கு உடம்பு சரியில்லை. அதுவரை எழுத்து ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் விருப்ப வேலை. அன்று முதல் அது வருமானம். பிறகு கணவர் பின்னால் டாங்கனீக்கா காட்டில் யானைப்புல் வேய்ந்த குடிசை, அதன்பின் மாசிடோனியா. மாசிடோனியாவில் பல் பிடுங்கப் போய், மயக்க மருந்தைத் தப்பாகக் கொடுத்ததில் உயிர் பிழைத்ததே பெரிது. டாங்கனீக்காவில் எழுதிய ‘தி மாஸ்கரேடர்ஸ்’ பதினெட்டாம் நூற்றாண்டுக் கதை. பக்கத்தில் நூலகம் கிடையாது. அப்படியும் அதில் வரலாற்றுப் பிழைகள் மிகக் குறைவு. தலைக்குள்ளேயே நூலகம் இருந்திருக்கிறது.

ஊர் திரும்பியதும் ரூஜியர் சுரங்கத்தை விட்டார். கடன் வாங்கி விளையாட்டுச் சாமான் கடை நடத்தினார். முப்பது வயதைத் தாண்டி வக்கீல் படிப்புக்குப் படித்து 1939இல் வழக்கறிஞரானார். இந்த ஆண்டுகள் முழுக்க வீட்டை நிமிர்த்திப் பிடித்தது மனைவியின் பேனா. 1932 முதல் ஆண்டுக்கு ஒரு காதல் நாவல், ஒரு துப்பறியும் நாவல் என்று வேலையை வகுத்துக்கொண்டார். துப்பறியும் கதைக்குச் சட்டகம் போட்டுக் கொடுத்தது கணவர்தான்: ‘அ’ என்பவர் ‘ஆ’வை இப்படிக் கொல்கிறார் என்கிற அளவில். அந்த ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் மூக்கும் முழியும் கோபமும் வைப்பது அம்மையார் பொறுப்பு. கணவன் மனைவி ஒத்துழைப்பு பற்றிப் பலர் பெரிதாக எழுதுகிறார்கள். எனக்கு இது போதும்.

அவர் கையில் தனியொரு வகையாகவே உருவான நாவலுக்கு ரீஜென்சி என்று பெயர். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சித்தம் கலங்கிப்போனதால் 1811 முதல் 1820 வரை மகன் அரசப் பிரதிநிதியாக ஆண்ட காலம். 1935இல் ‘ரீஜென்சி பக்’ எழுதியதிலிருந்து அந்த ஒன்பது ஆண்டு இங்கிலாந்தைத் தன் சொந்த ஊர் போல ஆக்கிக்கொண்டார். இன்று ஆங்கிலத்தில் குவிந்து கிடக்கும் ரீஜென்சி காதல் கதைகள் எல்லாம் அவர் போட்ட பாதையில் வந்தவை.

ஆனால் அவரோ இந்த வேலையைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதில்லை. கடிதங்களில் தன் காதல் நாவல்களைக் கேலி செய்தார். பேட்டி என்றால் மறுத்துவிடுவார். 1926இல் வந்த ‘தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்’, இங்கிலாந்தில் பெரும் வேலைநிறுத்தம் நடந்த ஆண்டில், விளம்பர ஆரவாரம் ஏதுமின்றி 1,90,000 பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். அதிலிருந்து, முகம் காட்டாமலே புத்தகம் விற்கும் என்று முடிவு கட்டிவிட்டார். வெளியில் அவர் திருமதி ரூஜியர். அந்தப் பெயரைப் பல வாசகர்கள் இரங்கல் செய்தியில்தான் அறிந்தார்கள்.

வாய் இப்படிச் சொன்னது. கை என்ன செய்தது என்று பார்க்கவேண்டும். அவர் வீட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரலாற்றுக் குறிப்புநூல்கள். பொடி டப்பியின் வரலாறு, பெயர்ப்பலகைகளின் வரலாறு, உடைகளின் வரலாறு. அழகு, நிறங்கள், தொப்பிகள், வீட்டுச் சாமான், விலைகள், கடைகள் என்று தலைப்பு வாரியாகப் பிரித்த அட்டைகள். குறிப்பிட்ட ஓர் ஆண்டில் மெழுகுவத்தி என்ன விலை விற்றது என்பதற்குக்கூட அட்டை உண்டு. வெலிங்டன் பிரபு எப்படி எழுதுவார் என்று பிடிபடுவதற்காக அவர் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றை விலைக்கு வாங்கினார். 1937இல் வந்த ‘அன் இன்ஃபேமஸ் ஆர்மி’யின் பிற்பகுதி வாட்டர்லூ போர்க்களம். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் அந்தப் போரை விளக்க அந்த நாவலைப் பரிந்துரைத்தார்கள் என்பது பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. (இந்த வெலிங்டன் நமக்கு வேறு வகையில் அறிமுகமானவர். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தை நிர்வகித்த ஆர்தர் வெல்லஸ்லி இவரேதான்.)

ஐம்பதுகளின் தொடக்கத்தில் இன்னொரு நாவலாசிரியை ஹேயரின் கதைகளிலிருந்து பெயர்களையும் குணச்சித்திரங்களையும் எடுத்திருக்கிறார் என்று ஒரு வாசகர் எழுதியபோது, ஹேயர் வழக்கறிஞரிடம் போனார். வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. அவர் அப்போது தயாரித்த குறிப்புகளைப் பற்றிப் படிக்கும்போது, திருட்டைவிட, திருடிய இடத்தில் உள்ள வரலாற்றுப் பிழைகள்தான் அவரை அதிகம் வதைத்தன என்று தோன்றுகிறது. காலத்துக்கு ஒவ்வாத கொச்சை, பொருந்தாத பட்டப்பெயர். மதிக்காத வேலைக்கு ஒருவர் இவ்வளவு கோபப்படுவாரா? மெழுகுவத்தி விலையைச் சரிபார்ப்பாரா?

என் பெரியம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். அவர் லெண்டிங் லைப்ரரியிலிருந்து கொண்டுவரும் துணிப்பையில் ஹேயரும் சாண்டில்யனும் ஒட்டிக்கொண்டு கிடப்பார்கள். “ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்டா, ஒருத்தர் குதிரை வண்டி, ஒருத்தர் கப்பல்” என்பார். இலக்கியக் கூட்டங்களில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ஒற்றுமை பொய்யல்ல. சுதேசமித்திரனில் நிருபராக இருந்த சாண்டில்யனும் எழுத்தால் குடும்பம் நடத்தியவர். குமுதம் அவருக்கு மாதச் சம்பளமே கொடுத்தது. தமிழில் அது அபூர்வம். வாசகர்கள் கொண்டாடினார்கள், விமர்சகர்கள் பட்டியலில் சேர்க்கவில்லை. பெரியம்மாவுக்கு விமர்சகர்கள் என்று ஓர் இனம் இருப்பதே தெரியாது.

ஹேயரிடம் குறை இல்லையா என்றால், இருக்கிறது, சில்லறைக் குறையும் அல்ல. ‘தி கிராண்ட் சோஃபி’யில் வட்டிக்குக் கொடுக்கும் யூதர் ஒருவரை வரைந்திருக்கும் விதம் படிக்கக் கூசுகிறது. நாஜி முகாம்களின் செய்தி உலகம் முழுக்கத் தெரிந்த பிறகு, 1950இல் வந்த புத்தகம் அது. பிரபுக்கள் தவிர மற்றவர்கள் அவருக்குப் பெரும்பாலும் வேலைக்காரர்கள் அல்லது வேடிக்கை. அந்த மஸ்லினும் காஷ்மீர் சால்வையும் எங்கிருந்து வந்தன, யார் நெய்தது என்ற யோசனை அந்த நடனக்கூடங்களுக்குள் எட்டிப்பார்ப்பதில்லை. ‘பிளாக் ஷீப்’ நாயகன் இந்தியாவில் பணம் சேர்த்துத் திரும்பியவன்; எப்படிச் சேர்த்தான் என்று அவனை யாரும் குடைவதில்லை. தொப்பிக்கு அட்டை போட்டவர் இதற்குப் போடவில்லை. நுணுக்கம் இருந்தால் பார்வையும் இருக்கும் என்று நான் வாதாடப் போவதில்லை.

மறுபக்கம் ஒரு கடிதம் இருக்கிறது. ருமேனியாவில் அரசியல் கைதியாகப் பன்னிரண்டு ஆண்டு சிறையில் இருந்த ஒரு பெண், தன்னோடு இருந்த கைதிகளுக்கு ‘ஃப்ரைடேஸ் சைல்ட்’ கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியே எல்லாரும் புத்தி பேதலிக்காமல் இருந்தோம் என்று எழுதினார். கல்யாணமான புதிதில் செலவு கணக்கு தெரியாமல் விழிக்கும் ஓர் அசட்டுப் பெண்ணின் கதை அது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல் வந்தது. ரசிகர் கடிதங்களைப் பொதுவாகப் பொருட்படுத்தாத ஹேயர் அந்தக் கடிதத்தை மட்டும் பெரிதாக மதித்தார்.

இனி அந்தப் பெரிய நாவல். அவர் இறந்த மறு ஆண்டு, 1975இல், எழுதிய மட்டும் ‘மை லார்ட் ஜான்’ என்ற பெயரில் வந்தது. படித்தேன். உழைப்பு ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அதுதான் தொல்லை. யாருக்கு யார் மாமன், எந்தக் கோட்டைக்கு யார் காவல், எந்த விருந்தில் என்ன பரிமாறினார்கள் என்று தகவல்கள் அணிவகுக்கின்றன. ரீஜென்சி நாவல்களில் இதே அட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடந்து, மேலே ஒருத்தி வாய்த்துடுக்காகப் பேசிக்கொண்டு போவாள். இங்கே அட்டைகள்தான் பேசுகின்றன. சிரிப்பு மருந்துக்கும் இல்லை. தாம் பெரிதாக நினைத்த வேலை முன்னால் அவர் கைகட்டி நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன். இளமையில் எழுதிய சமகால நாவல்கள் நான்கை மறுபதிப்பே வரக்கூடாது என்று முடக்கியவர் அவர். எது தேறும், எது தேறாது என்பதில் கறாரான கண். இந்த ஒரு நாவலிடம் அந்தக் கண் ஏனோ மயங்கியது.

தரங்கம்பாடி நோட்டுகளை எடுத்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். நல்ல தகவல்கள். ஒரு பக்கத்திலும் யாரும் யாரையும் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாத நாவலில் என் பாத்திரங்கள் வாயை மூடுவதே இல்லை.

1950க்குப் பிறகு வரிக்காகவும் வாசகருக்காகவும் பெரிய நாவலைத் தள்ளிவைத்துவிட்டு எழுதியவற்றில் ‘வெனிஷியா’ இருக்கிறது, ‘ஃப்ரெடெரிகா’ இருக்கிறது. 1961இல் வந்த ‘எ சிவில் கான்ட்ராக்ட்’ இருக்கிறது. இந்த மூன்றாவதை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். அப்பா வைத்துவிட்டுப் போன கடனில் மூழ்கும் ஓர் இளம் பிரபு, தான் உயிராக நேசித்த அழகியை விட்டுவிட்டு, பணக்கார வியாபாரி ஒருவரின் குட்டையான, பருமனான, அழகில்லாத மகள் ஜென்னியை மணக்கிறான். காதல் நாவல் விதிப்படி கடைசியில் அவன் மனைவிமேல் பைத்தியமாகவேண்டும். ஆவதில்லை. அவள் போட்டுக் கொடுத்த வீட்டு ஒழுங்கும், வயல்வெளி வேலையும், கூடவே இருந்து பழகிய நிம்மதியும் சேர்ந்து அவனைப் பழைய காதலிலிருந்து சத்தமில்லாமல் இறக்கிவிடுகின்றன. அவளுக்கும் தெரியும், தான் அவன் கனவில் வருகிறவள் அல்ல என்று. தெரிந்துகொண்டே அவனுக்குப் பிடித்த சாப்பாடு எது என்பதை நினைவில் வைத்திருக்கிறாள். கல்யாணம் பற்றி ஆங்கிலத்தில் இவ்வளவு நிதானமான நாவல்கள் அதிகம் இல்லை.

மூன்று பாகப் பெருநாவல் அவர் நினைத்தபடி ஐந்து ஆண்டில், அடுத்ததும் அதற்கடுத்ததுமாக ஓடியிருந்தால், இந்த ஜென்னி பிறந்திருக்கமாட்டாள். வருமான வரித் துறைக்கு நான் நன்றி சொல்ல நேர்ந்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.