மறைப்பும் அருளே

தூத்துக்குடிக் கரையினர்க்கு வேனில் முற்காலத்தே முத்துச் சலாபத்தின் காலமாயிருந்தது. கடல் அடங்கித் தெளியும் பங்குனி சித்திரைத் திங்கள்களில் மூழ்குவோர் பார்களில் இறங்கிச் சிப்பிகளை வாரிக் கொணர்வர். அவை கரையிற் குவித்து அழுகவிடப்பட்டுப் பின்னர்க் கழுவி ஆராயப்படும். பற்பல மாளச் சிலவே முத்துத் தரும். பார்களிற் சிப்பி அருகினமையால் 1961-ஆம் ஆண்டுச் சலாபத்தோடு அவ்வழக்கு நின்றது. இந்நாளில் இக்கரையினர் சிலர் வேனிலில் மேற்றிசை நோக்கிப் பொதியிலின் மழைக்காடுகளுக்குச் செல்கின்றனர். கொள்ளுதற்கன்று, காண்டற்கே செல்லுதலின் அதனாற் குற்றமின்றென்பது அவர் கருத்து. அஃது அமையுமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சென்ற சித்திரையில் அன்பர் சிலரோடு நாமும் பாபநாசத்து இறைவனை வணங்கி, 1988-இற் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக அமைக்கப்பெற்ற அம்மலைக்காட்டிற்குச் சென்றோம். நம் கரையிற் புன்னைக்காயலருகே கடல்புகும் பொருநை பிறப்பது அம்மலையிலேயாம். மாபாடியஞ் செய்த சிவஞான முனிவர் தோன்றிய விக்கிரமசிங்கபுரமும் அதன் அடிவாரத்ததே. கருமந்திகள் பல கண்டும், உடன்வந்தார் அனைவரும் விழைந்தது இருவாய்ச்சிப் பறவையின் கூட்டினையே.

இப்பறவையின் பெடை முதுமரப் பொந்தினுட் புகுந்து, தன் எச்சம் முதலியவற்றால் வாயிலை அடைத்து, அலகு நீட்டும் அளவிற்றாகிய ஒரு பிளவு மாத்திரமே விடும். அங்கே முட்டையிட்டு அடைகாக்கும். பறத்தற்குரிய இறகுகளையும் உதிர்த்துப் புதியன பெறும். அடைபட்டிருக்குங் காலமெல்லாம் அதற்கு உணவு, சேவல் கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டும் அத்தி ஆல் முதலியவற்றின் கனிகளே பெரும்பான்மையாம்.

நம்முள் ஒருவர் அம்மரத்தை அணுகினார். கனியோடு வந்த சேவல் இறங்காது அயன்மரத்தே அமர்ந்தது. வழிகாட்டிய வனக்காவலர் சொற்படி அனைவரும் பின்வாங்கி நெடுநேரம் மறைந்திருந்த பின்னரே அது வந்து ஊட்டிற்று. தொடாமலும் பறியாமலும், நோக்கிய அளவிலேயே ஓருயிரின் உணவு தடைப்பட்டமை கண்டு நாணினோம்.

தனு கரண புவன போகங்கள் ஆன்மாக்களின் பொருட்டன்றோ கொடுக்கப்பட்டன? அவற்றை மக்கள் கண்டு மகிழ்தல் எங்ஙனம் இழுக்காம்? எனின், கூறுதும். ஆன்மாக்கள் என்புழி மக்கள் மாத்திரமே கொள்ளப்படார். இருவாய்ச்சியும் வினைக்கீடாக உடம்பெடுத்து, அப்பொந்தினைத் தன் உறையுளாகப் பெற்ற ஓருயிரே. ஓருயிர்க்கு நல்கப்பட்ட இடத்தைப் பிறிதோருயிர் தன் வேடிக்கைக்கு அரங்காகக் கொள்ளுதல் நடுவன்று.

இன்னும் நுணுகி நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். ஐந்தொழிலுள் மறைத்தலும் அருளேயென்பது சித்தாந்தத் துணிபு. மலபரிபாகம் வருங்காறும் திரோதானசத்தி மறைத்துநின்று நடத்தும். பக்குவம் வந்துழி அதுவே அருட்சத்தியாய் விளங்கும். அடைத்த பொந்து இதற்கு ஒருபுடை ஒப்பே. பெடை தானே அடைத்துக்கொள்ளுதலின் முற்றுவமையன்று. ஆயினும் அம்மறைப்பே காப்பாதலும், உரிய காலம் வருமுன் பிறர் திறத்தல் கேடாதலும் இரண்டிற்கும் ஒக்கும்.

சிப்பியைத் திறந்தது பொருள்வேட்கை. பொந்தினை நெருங்குவது காட்சிவேட்கை. தன்னையே முன்னிறுத்தும் பசுபோதம் இரண்டிற்கும் வேராம். மூழ்கியோர்க்கேனும் வயிற்றுப்பாடு உண்டு. காணச் செல்லும் நமக்கு அதுவுமில்லை.

ஆகவே வேனிலிற் காடு புகற்க என்பது நம் கருத்தன்று. சேவல் அஞ்சாது ஊட்டத்தக்க சேய்மையில் நின்று, காணப்பெறாதவழியும் வருந்தாது மீள வல்லார் செல்க. மறைப்பினை மறைப்பாகவே விடுதலும் அவர்க்கு ஒரு வழிபாடாம். அஃதியலாதார் பாபநாசத்தே இறைவனை வணங்கிப் பொருநையில் நீராடி மீள்வதே சால்புடைத்து.