மரித்தோருக்குக் கொடுத்த வாக்கு



மரித்தவனுக்குக் கொடுத்த வாக்கு உயிரோடிருப்பவனைக் கட்டுப்படுத்துமா? "கொடுத்தவரும் போய்விட்டார், வாங்கினவரும் போய்விட்டார், கடன் தீர்ந்தது" என்று நியாயம் பேசுவோர் உண்டு. அந்த நியாயம் சரிதானா என்று ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தை வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தின் கிழக்கே, மேய்ச்சல் நிலங்களின் நடுவில் இத்தகைய கல்லறைகள் உண்டு. பல குழிகளுக்குப் பெயர் வெட்டிய கல் கிடையாது. வயலில் எடுத்த ஒரு கல்லே தலைமாட்டில் நிற்கிறது. சிலவற்றுக்கு அதுவும் இல்லை. மண் சற்றுத் தாழ்ந்திருப்பதே அடையாளம். அங்கே அடங்கியிருப்பவர்கள் 'கிரீக் ஃப்ரீட்மென்', அதாவது கிரீக் என்னும் ஆதிக்குடியினரிடம் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வம்சத்தாரும் அவர்கள் சந்ததியும்.

கிரீக் மக்கள் முன்னே அலபாமா, ஜார்ஜியா பகுதிகளில் வாழ்ந்தவர்கள். 1830-களில் அமெரிக்க அரசாங்கம் அவர்களைத் தங்கள் பூமியிலிருந்து துரத்திற்று. நோயாலும் பசியாலும் திரளான பேர் மாண்டார்கள். அவர்களில் வசதியுள்ள சிலரிடம் அடிமைகள் இருந்தனர். அந்த அடிமைகளும் அதே வழியில் நடந்தார்கள். புதிய பூமியில் காடு வெட்டி உழுதவர்களில் அவர்களும் உண்டு.

உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1866-ல் கிரீக் தேசம் அமெரிக்காவோடு ஓர் உடன்படிக்கை செய்தது. அடிமைத்தனம் ஒழிந்தது, விடுதலை பெற்றவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் கிரீக் குடிகளுக்குள்ள சகல உரிமையும் உண்டென்று எழுதப்பட்டது. அந்தப் பேச்சுவார்த்தையில் துபாஷியாயிருந்த ஹாரி ஐலண்டு ஆப்பிரிக்க வம்சத்தவர். அதன்பின் அம்மக்கள் கிரீக் சட்டசபையின் இரு மன்றங்களுக்கும் பிரதிநிதிகளை அனுப்பினார்கள்.

பிற்பாடு டாவ்ஸ் கமிஷன் வந்து குடிமக்களைப் பட்டியல் எழுதியது. இரத்தத்தால் கிரீக் ஆனவர்களுக்கு ஒரு பட்டியல். ஃப்ரீட்மென் ஏறத்தாழ 6,800 பேருக்கு வேறொரு பட்டியல். கிரீக் இரத்தம் கலந்தவர்கள் பலரும் நிறத்தைப் பார்த்து இரண்டாவதில் எழுதப்பட்டார்கள். ஆளுக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. 1908-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலத்துக்கு இருந்த பாதுகாப்பை நீக்கவே, வெகு நிலம் கைமாறிப்போயிற்று. குடும்பக் கல்லறைகள் சில அந்நியர் வேலிக்குள் அகப்பட்டன. 1979-ல் எழுதிய அரசியல் சட்டம் முதல் பட்டியலின் சந்ததிக்கே குடியுரிமை என்றது. 1866-ன் வாக்கு எங்கே போயிற்று?

கிரீக் மக்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அந்த உடன்படிக்கை தோற்றவர்கள்மேல் சுமத்தப்பட்டது. தங்கள் நிலத்தில் மேற்குப் பாதியையே அதனால் இழந்தார்கள். பலவந்தத்தில் கொடுத்த வாக்கு கட்டுப்படுத்துமா? தங்கள் குடி யார் என்று தீர்மானிக்க ஒரு ஜனத்துக்கு உரிமை இல்லையா?

பலவந்தத்தால் பறித்த தானத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் ஃப்ரீட்மெனுக்குக் கிடைத்தது தானமல்ல, கூலியில்லாமல் உழைத்தவனுக்குச் சேரவேண்டிய நீதிக்கடன். உடன்படிக்கை எழுதப்படாமலே போயிருந்தாலும் அந்தக் கடன் இருந்திருக்கும். தகப்பன் நிலத்தை ஏற்றுக்கொள்பவன் தகப்பன் கடனையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அநியாயத்துக்கு ஆளானவன் என்பதற்காக, தான் செய்த அநியாயத்துக்கு ஈடு செய்யும் கடமை ஒருவனை விட்டு நீங்குவதில்லை.

2025 ஜூலையில் கிரீக் தேசத்தின் உச்ச நீதிமன்றமே, 1866-ன் வாக்கு செல்லும், அந்தச் சந்ததிக்குக் குடியுரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. தங்கள் முன்னோர் வாக்கைத் தங்கள் நீதிபதிகளே மதித்தது அந்த ஜனத்துக்குப் பெருமை.

மரித்தோரை அடக்கம் பண்ணுவது தயவின் கிரியை என்று ஞானோபதேசத்தில் படிக்கிறோம். அவர்களுக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பதோ தயவு அல்ல, நீதி. நம் பெரியவர்கள் ஒருவருக்கு வாக்குக் கொடுத்து நிறைவேற்றாமல் விட்டது உண்டா? நம் வயலில் உழைத்து, கூலி முழுதும் பெறாமல் போனவர் பிள்ளைகள் இருக்கிறார்களா? இந்த வாரம் குடும்பமாக உட்கார்ந்து, வீட்டிலுள்ள முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்பது நல்லது.